சந்தனப் பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

போன வெள்ளிக்கிழமை காலை. முதல் இட்லியைப் பிட்டு சட்னியில் தோய்க்கும்போது போன் அடித்தது. ஜமால் பாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் டை, மோல்டு என்று இரும்பு அச்சுகள் செய்யும் பட்டறை வைத்திருப்பவர்.

"தம்பி, ஒரு கம்ப்யூட்டரும் வேலைக்காவல. எல்லா ஸ்கிரீன்லயும் இங்கிலீஷ்ல இன்னாவோ போட்டு மிரட்டிகினு கீறான். ஒரு ஃபைலும் தொறக்க மாட்டேங்குது. சீக்கிரம் வா தம்பி!"

"எல்லா கேபிளையும் பிடுங்கிப் போடுங்க பாய், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தேன். இட்லி தட்டிலேயே இருந்தது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். சின்னச் சின்னக் கம்பெனிகளின் நெட்வொர்க்கைக் காவல் காப்பதுதான் என் பிழைப்பு. வாட்ச்மேன் உத்தியோகம்தான்... விசில் மட்டும் கிடையாது. பாய் பட்டறைக்கும் நான்தான் வாட்ச்மேன்.

வந்திருப்பது என்னவென்று ஆவடியைத் தாண்டும் முன்பே புரிந்துவிட்டது. நெட்வொர்க்குக்குள் புகுந்து, இருக்கிற ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, 'சாவி வேண்டுமா, பணத்தை எடு' என்று மிரட்டும் கூட்டம். பூட்டப்பட்டது என்ன தெரியுமா? பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து பாய் வரைந்து சேர்த்த அத்தனை டிராயிங். மெஷின்களை ஓட்டுகிற அத்தனை புரோகிராம். அவை போனால் மெஷின்கள் வெறும் இரும்பு. திங்கட்கிழமை சரக்கு போக வேண்டும். பாயை நம்பிப் பதினெட்டுக் குடும்பங்கள்.

பரவாயில்லை, பேக்கப் டிஸ்க் இருக்கிறதே என்கிறீர்களா? சிக்கலே அங்கேதான்.

அந்த டிஸ்க்கை நான்தான் மாட்டிவைத்தேன். தினமும் மாலை ஆறு மணிக்கு அது தானாகவே எல்லாவற்றையும் காப்பி எடுத்துக்கொள்ளும். அதன் தலையில் சிவப்பு மையில் 'கழற்றக் கூடாது' என்று ஸ்டிக்கர் வேறு. எப்போதும் மாட்டியே இருக்கும் டிஸ்க்... அதாவது உள்ளே வந்த திருடனுக்கு அதுவும் கைக்கு எட்டும்!

ஆனால் போன புதன்கிழமை அது மாட்டியிருக்கவில்லை.

புதன்கிழமை ஆயுத பூஜை. பாய் பட்டறையில் அதைத் தடபுடலாகச் செய்வார்கள். காலையிலிருந்து வேலை கிடையாது. மெஷினையெல்லாம் துடைத்து, பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். பொரி, கடலைப் பொட்டலத்தைப் பாய்தான் தன் கையால் கொடுப்பார். நானும் பொரிக்காகப் போயிருந்தேன். பூஜைத் தட்டைப் பார்த்தால் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், வெர்னியருக்கு நடுவே சந்தனம் குங்குமத்தோடு என் ஹார்ட் டிஸ்க்!

"யாரைக் கேட்டு இதைக் கழற்றினீங்க?" என்று கத்தினேன்.

கழற்றியவர் செல்வி. பட்டறையின் ஆபீஸ் வேலை முழுவதும் அவர் கையில். வேப்பம்பட்டிலிருந்து எலக்ட்ரிக் டிரெயினில் வருபவர்.

"வருசம் பூரா லீவே இல்லாம ஒழைக்குது சார். அதுக்கு ஒரு பொட்டு வெக்கக் கூடாதா?"

"பொட்டு வெச்சாச்சு இல்ல? எடுத்து மாட்டுங்க."

"சாமிகிட்ட வெச்சத நடுவுல எடுக்க மாட்டாங்க சார். நாளைக்கு லீவு. வெள்ளிக்கெழம கற்பூரம் காட்டிட்டுத்தான் எடுப்போம்."

பாயைப் பார்த்தேன். அவர் எனக்கு இன்னொரு பொரிப் பொட்டலத்தை நீட்டினார். "வுடு தம்பி, அதுவும் ரெஸ்ட் எடுக்கட்டும்." முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதெல்லாம் நினைவுக்கு வந்தபோது திருமுல்லைவாயலில் இருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை... கற்பூரம் காட்டியிருப்பார்கள். பூட்டிய கம்ப்யூட்டரில் போய் செல்வி அந்த டிஸ்க்கை மாட்டினால்? மிச்சம் இருக்கும் ஒரே காப்பியும் காலி!

ஓரமாக நிறுத்திப் போன் போட்டேன். பாய் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். செல்வி எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனைப் பையில் போட்டுப் பீரோவில் பூட்டிவிடுகிறவர். அந்த நல்ல பழக்கத்தை அன்றைக்குச் சபித்தேன். எத்தனை சிக்னலை மதித்தேன் என்று கேட்காதீர்கள்.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். செல்வி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் டிஸ்க். ஒரு கையில் ஒயர். கண் சுவர்க் கடிகாரத்தில்.

"மாட்டிட்டீங்களா?"

"இல்ல சார். நல்ல நேரம் ஒம்போதரைக்குத்தான். இன்னும் பத்து நிமிசம் கீது."

பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

நான் கொண்டுபோயிருந்த என் லேப்டாப்பில் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மாலை வரைக்கும் அத்தனையும் பத்திரம். அதற்குப் பிறகு அங்கே யாரும் வேலையே செய்யவில்லையே! எல்லாக் கம்ப்யூட்டரையும் துடைத்து மறுபடி ஏற்ற ஞாயிறு சாயங்காலம் ஆயிற்று. திங்கட்கிழமை சரக்கு கிளம்பியது.

சரி, திருடன் எந்த வழியாக வந்தான்? தேடினேன்... ஏன் தேடினோம் என்று ஆகிவிட்டது. வீட்டிலிருந்தே பட்டறைக் கம்ப்யூட்டரைப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ஒரு வழி திறந்து வைத்திருந்தேன். நான்தான். அதற்கு நான் வைத்த பாஸ்வேர்டு — பட்டறையின் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. பாஸ்வேர்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் செய்யாத உபதேசமா? ஊருக்குத்தான் உபதேசம்.

மறைத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. இரண்டு பேரையும் உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். கத்தியதற்குச் செல்வியிடம் மன்னிப்பும் கேட்டேன். "வாட்ச்மேனே கதவத் தொறந்து வெச்சிட்டியா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் பாய் டீ சொன்னார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது அந்தப் பட்டறையில் இரண்டு டிஸ்க். ஒன்று மாட்டியிருக்கும்போது மற்றொன்று செல்வியின் பீரோவில் ஓய்வெடுக்கும். வெள்ளிக்கிழமைதோறும் மாற்றுவார், நல்ல நேரம் பார்த்து. சிவப்பு ஸ்டிக்கரை நானே கிழித்துவிட்டேன்.

கிளம்பும்போது செல்வி தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், கோச்சிக்கலன்னா... புது பாஸ்வேர்ட நானே வெச்சிக்கட்டா?"

வைத்துவிட்டார். வாட்ச்மேனுக்குச் சொல்லவில்லை!