புது உரமும் பிரிஜிட்டின் பதிலும்

மலாக்காவில், தங்கா பத்து வீட்டிலிருந்து ஆயர் குரோ அலுவலகத்துக்குக் கார் ஓட்டி வந்து சேர்வதற்குள்ளேயே பிரிஜிட்டுக்குப் பாதி நாள் வேலை முடிந்தது போல அலுத்துவிடும். எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கான ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் அவர் புள்ளியியலாளர். தோட்டங்களில் நடக்கும் சோதனைகளெல்லாம் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும். முழுதாக ஒன்றுகூட வந்ததில்லை.

உரச் சோதனையும் அப்படித்தான். சில தோட்டங்களுக்குப் புது உரம், மற்றவற்றுக்குப் பழையது. எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கையில் மரங்கள் என்றுதான் தொடங்கினார்கள். மெர்லிமாவ் பக்கம் வெள்ளம் வந்தது. ஒரு தோட்டத்தில் சாலை போட மரங்களை வெட்டினார்கள். மிஞ்சியவை ஓரிடத்தில் ஏராளம், ஓரிடத்தில் கைப்பிடியளவு.

புது உரத்தால் குலையின் எடை கூடுகிறது, சந்தேகமே இல்லை என்றது கணினி. மேலாளர் சேகரன் அதைத் திரையில் பார்த்த கையோடு இயக்குநரிடம் சொல்லிவிட்டார்.

பிரிஜிட்டுக்கு மனம் ஒப்பவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் விளைச்சல் மாறும் என்பதைக் கணக்கில் சேர்த்துத்தான் இருந்தார். ஆனாலும் கடைசிச் சோதனையில் மென்பொருள் ஒவ்வொரு மரத்தையும் தனிச் சாட்சியாக எண்ணியிருந்தது. ஒரே தோட்டத்து மரங்கள் ஒரே மழையில் நனைந்தவை, உரமும் ஒன்றுதான். அத்தனை மரங்களும் சேர்ந்து சொன்னாலும் அது ஏறக்குறைய ஒரு தோட்டத்தின் சாட்சிதான். எண்ணிக்கை சமமாக இருந்திருந்தால் நேரடியாகக் கணக்குப் போட்டுவிடலாம். இப்போது அதற்கும் வழியில்லை. உரத்தால் பயனே இல்லை என்று வைத்துக்கொண்டு, இதே ஏற்றத்தாழ்வோடு கற்பனை அறுவடைகளைக் கணினியில் மீண்டும் மீண்டும் உருவாக்கிப் பார்த்தார். இவ்வளவு பெரிய வித்தியாசம் அவற்றிலும் சும்மாவே அடிக்கடி வந்தது.

அதைச் சொன்னதும் சேகரனுக்கு முகம் வாடியது.

"போன வாரம் நல்லாத்தானே வந்துச்சு, பிரிஜிட்?"

"அது மரத்த எண்ணுன கணக்கு சார். தோட்டத்த எண்ணுனா நிக்க மாட்டேங்குது."

"அப்போ உரம் வேலை செய்யலையா?"

"செய்யலாம். இத வச்சு சொல்ல முடியாது, அவ்ளோதான்."

"டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன் லா. பழைய நம்பரையே அனுப்பிட்டா என்ன?"

பிரிஜிட்டுக்குக் கோபம்கூட வரவில்லை. இதே பேச்சை எத்தனையோ வாய்களிலிருந்து கேட்டாயிற்று.

"அனுப்புங்க சார். என் பேர எடுத்துட்டு அனுப்புங்க."

சேகரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மாடியில் இருந்த இயக்குநரிடம் போனார். திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது. சோதனையைப் புதுத் தோட்டங்களுக்கும் விரிவுபடுத்தச் சொல்லிவிட்டார்களாம். "நீங்கதான் பாக்கணுமாம்."

அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டுவிடலாம் என்றிருந்தார் பிரிஜிட். சரி என்று தலையசைத்தார். ஏன் அசைத்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

அடுத்த வாரம் மெர்லிமாவ் தோட்டத்து வெயிலில், வெள்ளத்துக்குத் தப்பிய மரங்களுக்கு மறுபடி அடையாளம் போட்டுக்கொண்டிருந்தபோது, கள மேற்பார்வையாளர் கோமளா கேட்டார்: "அக்கா, இந்த உரம் நல்லதா இல்லையா?"

"இன்னும் தெரியலமா."

"இவ்ளோ வருஷம் போட்டுமா?"

பிரிஜிட் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு நடந்தார்.