அரைமணி நேரம் என்று எழுதிய நாள்

1. மலையில் போஸ்டிங்

1969இல் எனக்கு மிட்வைஃப் வேலை கிடைத்தது. வயது இருபத்திரண்டு. சேலத்தில் டிரெயினிங் முடித்த கையோடு சித்தேரி மலைக்குப் போட்டுவிட்டார்கள். பாப்பிரெட்டிப்பட்டியில் ஆர்டரை வாங்கிப் பார்த்த என் மேலதிகாரி, ஹெல்த் விசிட்டர் அம்மா, என் செருப்பைப் பார்த்தார்.

"இது தாங்காது. வேற வாங்கிக்க. மேல போனா பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருக்காது. ஏதாவது படிக்க எடுத்துட்டுப் போ."

படிக்க அல்ல, எழுத எடுத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடக் கையெழுத்துப் பத்திரிகையில் என் கதைகள் வந்திருந்தன. கடைவீதியில் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அடிவாரத்திலிருந்து தலையில் பெட்டியோடு நடை.

மேலே, பிரசவ நிலையமாக இருந்த ஓட்டுக் கட்டடத்தில் ஒரு அறை எனக்கு. மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஊர் முழுக்கக் காட்டுக்குப் போயிருக்கும். என் குரலையே நான் கேட்காத நாட்கள் உண்டு. நோட்டைத் திறந்து, மெட்ராஸ் பங்களா ஒன்றில் ஒரு பெண் மாடிப்படி இறங்கி வந்தாள் என்று எழுதுவேன். இறங்கி வந்து என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. நான் பங்களாவையே பார்த்ததில்லை. கிழித்துவிடுவேன். ஒன்றரை வருஷத்தில் நோட்டு பாதியாக இளைத்துவிட்டது. ஒரு கதைகூடத் தேறவில்லை.

2. வெள்ளச்சி

இரண்டாவது வருஷ மழைக்காலத்தில் வெள்ளச்சிக்குப் பிரசவம். மூன்றாவது பிள்ளை. சுலபமாகப் பிறந்தது. பெண் குழந்தை. நஞ்சுக்கொடியும் முழுதாக விழுந்தது. பிரசவம் ஆனபின் இரண்டு மணி நேரம் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்பது டிரெயினிங்கில் சொல்லிக்கொடுத்த பாடம். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. அவள் வீட்டுக்கும் என் அறைக்கும் நடுவில் ஓடை; வெள்ளம் வந்தால் தாண்ட முடியாது. அரைமணி நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அறைக்கு வந்து புடவை மாற்றும்போது அவள் புருஷன் பொன்னன் நனைந்தபடி வாசலில் நின்றார்.

"ரத்தம் நிக்கலீங்க நர்சம்மா."

ஓடினேன். ஊசி போட்டேன். வயிற்றைப் பிடித்து அமுக்கினேன். மூங்கிலில் போர்வையைக் கட்டித் தூக்கிக்கொண்டு நான்கு பேர் இறங்கினார்கள். பாதி வழியில் அவள் கை சில்லிட்டுவிட்டது.

ஹெல்த் விசிட்டர் அம்மா ரிப்போர்ட் கேட்டார். பெயர், வயது, எத்தனையாவது பிரசவம், சாவுக்குக் காரணம். காரணம் என்ற இடத்தில் "ரத்தப்போக்கு, மலை வழி, தாமதம்" என்று எழுதினேன். யாருடைய தாமதம் என்று எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை.

3. பொன்னன் கேட்டது

ஒரு மாதம் கழித்துப் பொன்னன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்பவுடர் வாங்க வந்தார். எடை போட்டேன். போகாமல் நின்றார்.

"அவளைப் பத்தி ஆபீசுக்கு எழுதினீங்களாமே. எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுக் காட்டுங்க."

கார்பன் காப்பியை எடுத்துப் படித்தேன். நான்கு வரிதான்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

"நீங்க கெளம்புறப்ப, நர்சம்மாவுக்குத் தேன் குடுத்து அனுப்புன்னா. நான் தேன் ஊத்த ஏனம் தேடி எடுக்கறதுக்குள்ள நீங்க ஓடையைத் தாண்டிட்டீங்க. அதெல்லாம் எழுத மாட்டாங்களா?"

அவர் குறையாகச் சொல்லவில்லை. சும்மா நடந்ததைச் சொன்னார்.

அவர் போன பிறகு, அந்த மதியமே நோட்டை எடுத்தேன். "நான் அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டேன்" என்று எழுதினேன். கிழிக்கவில்லை. அடுத்த வரி தானாக வந்தது. பொழுது சாய்வதற்குள் பதினோரு பக்கம். அழுகை வரவில்லை. விரல்தான் வலித்தது.

எழுதியதை ஒளித்துவைக்க மனம் கேட்கவில்லை. அந்த வாரமே பொன்னன் வீட்டுக்குப் போய், வாசலில் உட்கார்ந்து முழுதும் படித்தேன். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"அன்னைக்கு அவ கட்டியிருந்தது பச்சை இல்லீங்க. அரக்கு."

திருத்தினேன். படித்து முடித்ததும் கேட்டார்.

"நீங்க இருந்திருந்தா பொழைச்சிருப்பாளா?"

"பொழைச்சிருக்கலாம். உறுதியாத் தெரியலை."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுபடி வெளியே வரவில்லை. அதன் பிறகு குழந்தையை எடை போட அவர் தங்கச்சிதான் எடுத்து வந்தாள். நான் மாற்றலாகி இறங்கும் வரை அவர் என்னோடு பேசவில்லை. மலையில் முன்பு இருந்ததைவிட அதிகத் தனிமை அது. ஆனால் எழுத்து நிற்கவில்லை. அங்கே நான் பார்த்த பெண்களைப் பற்றி, ஒவ்வொருத்தியாக, ஆறு வருஷத்தில் ஒன்பது நோட்டு எழுதினேன்.

இப்போது இந்த வேலைக்கு வரும் பெண்களில் சிலர் என்னிடம், எழுத ஆசையிருக்கிறது, உட்கார்ந்தால் வரமாட்டேன் என்கிறது என்கிறார்கள். எனக்கு ஒன்றரை வருஷம் வராமல் இருந்ததற்கும், ஒரே மதியத்தில் வந்ததற்கும் இடையில் நான் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. சொல்லப் பயந்த ஒன்றை முதல் வரியாக வைத்தேன், அவ்வளவுதான். அப்படி எழுதினால் மன்னிப்புக் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பிரசவத்திலும், மழையோ வெயிலோ, இரண்டு மணி நேரம் ஆகும் முன் நான் எழுந்ததில்லை.