கர்ச்சீப் சார் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்

புதிதாக வந்த புவியியல் சாருக்கு வேலை போவதும் புதிதல்ல, வேலை கிடைப்பதும் புதிதல்ல. வேலை செய்வது ஒன்றுதான் அவருக்குப் பழக்கமில்லை. அதைச் சரிக்கட்ட கடவுள் அவருக்கு ஒரு வாயைக் கொடுத்திருந்தார். எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் முதல் நாள் அவரைப் போல ஆள் கிடையாது. இரண்டாம் நாளிலிருந்துதான் தொந்தரவு.

இதையெல்லாம் நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அந்தத் திங்கட்கிழமைக் காலை அசெம்பிளியில் பத்தாம் வகுப்பு வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள். அவருடைய மகள். ஆசிரியர் பிள்ளை என்பதால் அதே பள்ளியில் அவளுக்கும் இடம் கிடைத்திருந்தது. சீருடை இன்னும் தைத்து வரவில்லை. நீலப் பாவாடைகளுக்கு நடுவே அவள் ஒருத்தி மட்டும் பழைய பள்ளியின் பழுப்புப் பாவாடையில் நின்றாள்.

கன்னியர் நடத்தும் அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். புதிதாக வருகிற ஆசிரியர் யாரானாலும், மேடையில் இருக்கும் பெரிய சிலுவைக்குப் பக்கத்தில் நின்று, தன்னைப் பற்றித் தானே சொல்ல வேண்டும். எங்கிருந்து வருகிறேன், வீட்டில் யார் யார், ஏன் இங்கே வந்தேன். சொல்லி முடித்ததும் பள்ளி முழுக்க அவருக்காக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லும். மற்றவர்கள் மென்று விழுங்கி, நாலு வார்த்தை சொல்லிவிட்டு வியர்வையோடு இறங்கிவிடுவார்கள். இவர் மைக்கைக் கையிலேயே எடுத்துக்கொண்டார். மகள் அப்போதே தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆசிரியப் பணி என் ரத்தத்தில் ஓடுகிறது” என்று ஆரம்பித்தார். அவருடைய அப்பா லாரி ஓட்டினார். “நான் பணியாற்றிய பள்ளியில் என்னை அனுப்ப யாருக்குமே மனமில்லை.” துரத்தத்தான் மனமிருந்தது. அந்தப் பள்ளியில் அவர் பரீட்சைத் தாளின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து மார்க் போடுவார், சில நாள் அதைக்கூடப் பார்க்க மாட்டார். கடைசியில் பரீட்சைக்கே வராத ஒரு பையனுக்கு வகுப்பிலேயே முதல் மார்க் போட்டுவிட்டார். பையனின் அப்பாவே வந்து, என் மகன் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தானே என்று கேட்டபோது, “படுத்துக்கிட்டே இவ்வளவு வாங்கியிருக்கான்னா பாருங்களேன்!” என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. “நிர்வாகப் பொறுப்பிலும் சில காலம் இருந்தேன்.” ஒரு டியூஷன் சென்டர் வாசலில் போன் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதிலும் பாதி நேரம் தூக்கம்.

மகள் இதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். அளந்து விடுவது அப்பாவுக்கு மூச்சு விடுகிற மாதிரி, அதைக் கேட்டுக்கேட்டு அவள் காது மரத்துவிட்டது. ஆனால் வீட்டில் யார் யார் என்ற இடம் வந்ததும் அவர் நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து இஸ்திரி போட்ட வெள்ளைக் கர்ச்சீப்பை எடுத்தார். இது புதுசாக இருக்கிறதே என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கு ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. என் மனைவி போன வருடம் நோயில் இறந்துவிட்டாள். அவளுடைய கடைசி ஆசை, நம் பிள்ளை கன்னியர் நடத்தும் பள்ளியில் படிக்க வேண்டும் என்பதுதான்.”

கர்ச்சீப் கண்ணுக்குப் போனது. முன் வரிசையில் தையல் டீச்சர் மூக்கை உறிஞ்சினார். பள்ளி முழுக்கத் திரும்பிப் பழுப்புப் பாவாடையைப் பார்த்தது. அதன்பின் நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாக ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல ஆரம்பித்தன, எல்லாம் அவளுடைய அம்மாவின் ஆன்மாவுக்காக. அந்த அம்மா, அதே நேரத்தில், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா நர்ஸ். இந்த மனிதரின் வாய்ப்பந்தலுக்குக் கீழே இனி உட்கார முடியாது என்று கிளம்பிப் போய் ஒரு வருடம் ஆகிறது. தங்கியிருப்பது நர்சுகள் விடுதியில், அங்கே பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். ஒரு வீடு பார்த்ததும் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும்.

அன்று மதியம் மாடிப்படிக்குக் கீழே அப்பாவை மடக்கினாள் மகள்.

“ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?”

“எப்படிச் சொன்னேன்?”

“அம்மா செத்துட்டாங்கன்னு.”

“மெதுவா பேசு பாப்பா.” அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். “பொண்டாட்டி விட்டுட்டுப் போனவன்னு சொன்னா இங்க எவன் மதிப்பான்? சிஸ்டருங்க ஸ்கூலும்மா இது. விட்டுட்டுப் போனா என்ன, செத்தா என்ன, நம்மளப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான?”

“எனக்கு ஒண்ணு இல்ல.”

“உனக்கும் இது நல்லதுதான். பாரேன், எல்லாரும் உன்னை எப்படித் தாங்கறாங்க!”

தாங்கத்தான் செய்தார்கள். தையல் டீச்சர் அவளுடைய சீருடையை ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்துக் கொடுத்தார். கிளாஸ் பெண்கள் டிபன் பாக்சில் அவளுக்கென்று ஒரு பங்கு கொண்டுவந்தார்கள். அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அப்பாவுக்கு எல்லாமே இறங்கியது. ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு பாத்திரமாக நீட்ட, தாரமிழந்த மனிதர் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ஒரு மாதத்தில் சட்டைப் பித்தான் இழுத்துக்கொண்டு நின்றது. மதிய வகுப்பில், “அமைதியாப் படிங்க, எனக்கு மனசு சரியில்ல” என்று மேசையில் தலை சாய்த்துக்கொள்வார். பிள்ளைகள் உலக வரைபடத்தைப் பார்த்தபடி அமைதியாக இருப்பார்கள். அவருக்குக் கர்ச்சீப் சார் என்று பெயர் வைத்ததுகூடப் பாசத்தோடுதான். மகளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. இவர்கள் எல்லாரும் இத்தனை லேசாக ஏமாறுகிறவர்களா என்று அவர்கள்மேலும் ஓர் இளக்காரம் வந்தது.

தலைமை சிஸ்டர்மேல் மட்டும் அது வரவில்லை. சத்தமான குரல், வேகமான நடை, யாரிடமும் நயமாகப் பேசத் தெரியாதவர். ஒரு நாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மேசை டிராயரைத் திறந்து, மணிகள் தேய்ந்த ஒரு செபமாலையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“எங்கம்மா போனப்ப எனக்கும் உன் வயசுதான். இது அவங்களோடது. யாரு என்ன ஆறுதல் சொன்னாலும் எரிச்சலாத்தான் இருக்கும். அதனால நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. வச்சுக்கோ.”

மகள் வாயைத் திறந்தாள். சிஸ்டர் அதற்குள் போனை எடுத்துத் தண்ணீர் மோட்டார்க்காரரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். அன்று முழுக்க அந்தச் செபமாலை அவள் பையில் கல் மாதிரி கனத்தது. திருடியதைப் போல இருந்தது. அப்பா வெறும் பொய்தான் சொன்னார், தான் அந்தப் பொய்க்குக் கிடைத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுவிட்டோம் என்று அவளுக்கு அழுகை வந்தது.

அந்த ஞாயிறு அம்மா போனில் சந்தோஷமாகப் பேசினாள். “வீடு கிடைச்சிடுச்சுடி. சின்ன வீடு. உன் ஸ்கூலுக்கு ஒரு நாள் வந்து, உங்க பெரிய சிஸ்டரப் பார்த்துப் பேசிட்டு, உன்னைக் கூட்டிட்டு வர்றேன்.”

அப்பா பக்கத்திலிருந்து கையை ஆட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். போனைப் பொத்திக்கொண்டு, “வெளியாளுங்கள உள்ள விடமாட்டாங்கன்னு சொல்லு” என்றார். அவள் அதையே சொன்னாள். சொல்லும்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. அந்தப் பள்ளியில் அம்மா செத்துப்போனவள். செத்தவள் கேட்டைத் தாண்டி வர முடியாது, சிஸ்டரிடம் பேச முடியாது, மகளைக் கூட்டிக்கொண்டு போகவும் முடியாது. அப்பா மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய், அவளை அவரோடு கட்டிப்போட்டுவிட்டது.

இறந்தவர்களுக்காகச் செபிக்கும் மாதம் வந்தது. சிற்றாலயத்தில் பீடத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்த மேசை போட்டு, பள்ளிக் குடும்பங்களில் இறந்துபோனவர்களின் படங்களை வைப்பார்கள். பிள்ளை படத்தைக் கொண்டுபோய் வைக்க, பெரியவர் ஒருவர் அதன் முன் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். இந்த முறை முதல் படம் புவியியல் சாரின் மனைவியுடையது என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்.

மனிதர் அசரவில்லை. வீட்டில் அலமாரியைக் குடைந்து கல்யாணப் படத்தை எடுத்தார். கோயில் படிக்கட்டில் இரண்டு பேரும் நிற்கிற படம். கத்தரியை எடுத்து நடுவில் வெட்டித் தன்னைத் தனியாகப் பிரித்தார். அம்மாவின் தோள்மேல் அவருடைய நாலு விரல் மட்டும் மிஞ்சி நின்றது. “ஃப்ரேம் ஓரத்துல மறைஞ்சிடும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மாட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார். மாப்பிள்ளைப் பாதியைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கர்ச்சீப்புக்கு இஸ்திரி போடப் போனார்.

மகள் குப்பைக்கூடையிலிருந்து அந்தப் பாதியை எடுத்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

“அம்மா, வெள்ளிக்கிழமை காலைல ஸ்கூலுக்கு வா.”

“விடமாட்டாங்கன்னு சொன்னியே?”

“நீ வா. வந்து கேட் பக்கத்துல நில்லு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

வெள்ளிக்கிழமை சிற்றாலயத்தில் உட்கார இடமில்லை. வெளியே நடையில் நின்று மகள் ஃப்ரேமின் பின்பக்க ஆணிகளை நகத்தால் திருப்பினாள். அம்மாவை எடுத்துச் செபப் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்தாள். குப்பையிலிருந்து வந்தவரை உள்ளே மாட்டினாள். கோட்டு, டை, தலை நிறைய முடி, உலகத்தையே வாங்கிவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. சிஸ்டர் கூப்பிட்டதும் நடந்துபோய் மேசையின் நடுவில் வைத்தாள். இதைப் பார்த்ததும் அப்பா நின்றுவிடுவார், இப்போதாவது ஓர் உண்மை சொல்லிவிடுவார் என்று மனதின் ஒரு மூலையில் அவளுக்கு இன்னும் ஆசை இருந்தது. அப்படி ஆசைப்பட்டதற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

புவியியல் சார் ஒரு கையில் எரியும் திரியோடும், இன்னொரு கையில் கர்ச்சீப்போடும், சோகத்துக்கென்று வைத்திருந்த நடையில் வந்தார். மேசை முன் நின்று குனிந்தார். படத்தைப் பார்த்தார்.

செத்தவர்கள் வரிசையில் தானே கோட்டும் டையுமாகச் சிரித்துக்கொண்டிருப்பதை ஒரு மனிதன் பார்த்தால் என்ன செய்வான்? திரி கை தவறும், வாயாவது திறக்கும். இவர் திரும்பிப் பின்னால் இருந்த கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் குனிந்து, தன் படத்துக்கு முன்னால், தானே மெழுகுவர்த்தியை ஏற்றினார். கர்ச்சீப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற தலைமை சிஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

“சார், இது யாரு?”

தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள இதைவிட நல்ல இடம் யாருக்கும் கிடைக்காது. மகள் அவர் வாயையே பார்த்தாள்.

“என் தம்பி, சிஸ்டர்” என்றார். குரல் தழுதழுத்தது. “பிள்ளை படத்தை மாத்தி எடுத்துட்டு வந்துட்டா. அவனும் போயிட்டான் சிஸ்டர். சின்ன வயசு.”

அவருக்குத் தம்பியே கிடையாது. மகளுக்கு அந்த இடத்தில் கோபம்கூட வரவில்லை. கோபம் வர அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும். அவள் பையிலிருந்து செபமாலையை எடுத்து சிஸ்டரிடம் நீட்டினாள்.

“இத நான் வச்சுக்க முடியாது சிஸ்டர். இது அப்பாதான். அவருக்குத் தம்பியெல்லாம் இல்ல. எங்கம்மா சாகவும் இல்ல, கேட் பக்கத்துல நிக்கிறாங்க. வாட்ச்மேன் உள்ள விடமாட்டேங்கறார்.”

சிஸ்டர் படத்தைப் பார்த்தார். கர்ச்சீப்புக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்தார். எச்சில் தொட்ட இரண்டு விரலால் மெழுகுவர்த்தியின் சுடரைக் கிள்ளி அணைத்தார். செபமாலையை வாங்கி மறுபடியும் அவள் கையிலேயே வைத்து மூடினார்.

“போய் உங்கம்மாவக் கூட்டிட்டு வா” என்றார். “முன் வரிசையில உட்காரட்டும்.”