நாத்தனாருக்குத் தனி வைஃபை

ரவுட்டர் வாங்குகிறவர்கள் வேகத்தைப் பார்த்து வாங்குவார்கள். நான் பழிவாங்க வசதியாக இருக்குமா என்று பார்த்து வாங்கினேன்.

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், எல்லாம் வரிசை வீடுகள். எங்கள் வீட்டுக்கும் என் கணவருடைய அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனார் சொன்னார், ஒரு சுவருக்கு எதற்கு இரண்டு லைன், எங்கள் வைஃபையையே போட்டுக்கொள்ளுங்கள் என்று. அது சுவரைத் தாண்டி எங்கள் முன்னறை வரைக்கும் வரும். சமையலறைக்கு வராது. அன்றைக்கு அது அன்பாகத்தான் பட்டது. உண்மையிலேயே அன்பாக இருந்திருக்குமோ என்று இப்போதும் சில நாள் தோன்றும். அந்த எண்ணத்தை நான் வளரவிடுவதில்லை.

முதல் பாஸ்வேர்டு அவருடைய மகன்களின் பெயர். பெரியவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், சின்னவன் பினாங்கில் படிக்கிறான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு அவரைக் கேட்காமல் நான் கேக்குக்குச் சொல்லிவிட்டேன். மறுநாள் வைஃபை இல்லை. அவர் வீட்டு வாசல் கேட்டடியில் போய் நின்று கேட்டேன். புது பாஸ்வேர்டு சொன்னார்: 'பெரியவங்களைக் கேள்.'

தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில். அதை என் கைப்பேசியில், கணினியில், கணவருடைய கைப்பேசியில், டிவியில் என்று ஒவ்வொன்றிலும் நானே என் விரலால் அடிக்க வேண்டும். கிண்டலா, கண்டிப்பா, இல்லை நான்தான் எதையெதையோ நினைக்கிறேனா என்று புரியவில்லை. கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "ஞாபகம் வச்சுக்க சுலபமா இருக்கட்டும்னு வச்சேன் லா."

அதற்குப் பிறகு எப்போதெல்லாம் அவருக்கு மனத்தாங்கல் வருகிறதோ அப்போதெல்லாம் பாஸ்வேர்டு மாறும். 'வாயைக் குறை' என்று ஒன்று வந்தது. 'அடக்கம் வேணும்' என்று இன்னொன்று. இதில் கொடுமை எழுத்துக்கூட்டல். நான் தமிழ்ப் பள்ளி, அவர் மலாய்ப் பள்ளி. 'ழ' வந்தால் அவர் ஒரு நாள் எல் போடுவார், மறுநாள் இஸட் எச் போடுவார். 'வேணும்' என்பதில் ஒரு 'இ'யா இரண்டு 'இ'யா என்று கேட்க நான் மறுபடி கேட்டடிக்குப் போக வேண்டும். போனால், பக்கத்து வீட்டு ஆன்டி காதில் விழும்படி, "டிகிரி படிச்சவ, ஒரு பாஸ்வேர்டு அடிக்கத் தெரியலையேம்மா" என்பார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். என் வேலை அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது, அதுதான் பிரச்சினை.

நான் ஒரு சரக்குக் கப்பல் முகவர் நிறுவனத்தில் ஆவணங்கள் பார்க்கிறேன். அலுவலகம் கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸில். மகள் பிறந்த பிறகு வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதித்தார்கள், லைன் ஒழுங்காக இருந்தால். இல்லையென்றால் மற்றவர்களைப் போல விடியற்காலை கொமுட்டர் ரயில் பிடித்து வந்துவிட வேண்டும். அப்படிப் போனால் ஒன்றரை வயதுப் பிள்ளையை யாரிடம் விடுவது? பதில் எல்லாருக்கும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம்தான்.

ஒரு திங்கட்கிழமை, காலைக் கூட்டத்தில் ஒரு கொள்கலனின் தாள்களைத் திரையில் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். லைன் போய்விட்டது. பாஸ்வேர்டு மாறியிருந்தது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். கேட்டில் பூட்டு. மாற்றிய கையோடு நாத்தனார் பாசாருக்குப் போயிருந்தார். கைப்பேசியின் டேட்டாவில் இணைத்துப் பார்த்தேன், தாள் திறக்கவே இல்லை. அவர் மீனும் கீரையுமாக வந்து சேர்ந்தபோது கூட்டம் முடிந்துவிட்டிருந்தது. மேலதிகாரி ஒரே வரிதான் அனுப்பியிருந்தார், இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆபீஸுக்கு வந்துவிடுங்கள் என்று.

அதை நாத்தனாரிடம் சொன்னேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் பையைக் கீழே வைத்துவிட்டு என் மகளின் கன்னத்தைத் தட்டினார்.

"அதுக்கென்னம்மா இப்போ. பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டு நீ ஆபீஸ் போ. ஃபோனைக் காட்டிக் காட்டித்தானே சோறு ஊட்டுற. எங்கிட்ட இருந்தா ஒழுங்கா வளரும்."

என்னை ஆபீஸுக்கு அனுப்பத்தான் லைனை அறுத்தாரா? தற்செயலா? வீட்டுக்கு வந்து வெகுநேரம் அதையே யோசித்தேன். கடைசியில் எது உண்மையாக இருந்தாலும் கவலையில்லை என்று முடிவு செய்தேன். பதிலுக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்பதுதான் முக்கியம்.

எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்திருப்பதாக விளக்குக் கம்பத்தில் பதாகை கட்டியிருந்தார்கள். அதைக் காட்டி என் கணவரிடம் பேசினேன். அவர் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், சண்டை என்றாலே தூக்கம் வரும். தனி லைன் போட்டால் அக்கா தனி அடுப்பு வைத்த மாதிரி எடுத்துக்கொள்வாரே என்று தயங்கினார். தனி அடுப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதில்தான் உங்களுக்கு தினமும் சமைக்கிறேன் என்றேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆட்கள் வந்தார்கள். கம்பத்திலிருந்து மெல்லிய கறுப்புக் கம்பியை இழுத்து, முன்னறைச் சுவரில் ஓட்டை போட்டு, சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். துளைபோடும் சத்தம் அந்த வீடு வரைக்கும் கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஓட்டை சரியாக இருக்கிறதா என்று நான் கேட்டதில் இன்னும் கொஞ்ச நேரம் துளைத்தார்கள்.

இலவசமாக ஒரு ரவுட்டரும் கொடுத்தார்கள். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமை கோலாலம்பூரில் கணினிக் கடைகள் இருக்கும் பேரங்காடிக்குப் போனேன். அதற்கு முன்பு பல நாட்கள் படித்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு ஒன்று போதும், நான்கு அறைக்கு நான்கு பெட்டி தேவையில்லை. 2.4 என்கிற அலை மெதுவாகப் போகும், ஆனால் சுவரைத் தாண்டும். 5 என்கிற அலை வேகமாகப் போகும், செங்கல் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இதைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியாது.

கடைக்காரர் சீன இளைஞர். என்னிடம் வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நான் மூன்று விஷயம் கேட்டேன். விருந்தினருக்குத் தனிப் பெயரும் தனி பாஸ்வேர்டும் வைக்க முடியுமா? அதைக் கைப்பேசியிலேயே நினைத்த நேரத்தில் மாற்றலாமா? சிக்னலின் பலத்தைக் குறைக்கலாமா? கடைசிக் கேள்விக்கு அவர் நிமிர்ந்து பார்த்தார். வருகிறவர்கள் எல்லாரும் பலம் கூட வேண்டும் என்பார்கள், குறைக்கக் கேட்பது நீங்கள்தான் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். பாதுகாப்புக்கு என்றேன். கணவரிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சண்டைக்குன்னே மெஷின் வாங்கியிருக்க" என்றார்.

என் வேலைக் கணினிக்குக் கம்பி போட்டுக்கொண்டேன், அதனால் அலையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. விருந்தினர் வைஃபையை 5-இல் மட்டும் திறந்தேன். பலத்தைக் குறைந்த அளவில் வைத்தேன். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன். எங்கள் கார் போர்ச் வரைக்கும் நன்றாக வந்தது. சுவரோரம் சாகக் கிடந்தது. பாஸ்வேர்டு நிறைய யோசித்து வைத்தேன்: 'தயவுசெய்து கேட்டேன்.' நம் ஆட்கள் எத்தனை விதமாகத் தப்பாக எழுத முடியுமோ அத்தனைக்கும் அதில் இடமிருந்தது.

ஆனால் விருந்தினர் வர வேண்டுமே. அவரிடம் சொந்த லைன் இருக்கிறதே. பல வாரம் அந்த வைஃபை யாருமில்லாமல் கிடந்தது. நான் செய்தது அசட்டுத்தனமோ என்று நினைக்க ஆரம்பித்தேன். அப்புறம்தான் அது நடந்தது. அவருடையது பழைய செம்புக் கம்பி லைன். அதை நிறுத்தப்போகிறோம், ஃபைபருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பத் தகவல் வந்திருக்கிறது. இந்தக் காலத்தில் எது மோசடி எது உண்மை என்று யாருக்குத் தெரியும்? ஏமாற்றுக்காரர்கள் என்று எல்லாவற்றையும் அழித்திருக்கிறார். ஒரு நாள் லைன் செத்துவிட்டது. புதுசு போட வரிசையில் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். தினமும் மகன்களோடு முகம் பார்த்துப் பேசுகிறவர் அவர். கைப்பேசி டேட்டா ஒரு நாளைக்குத் தாங்கவில்லை.

எங்கள் கேட்டடிக்கு வந்தார். நான் மெதுவாகத்தான் போனேன்.

"ஏம்மா, உங்க வைஃபை கொஞ்சம் சொல்லேன்."

சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அடிக்க ஆரம்பித்தார்.

"த-வுக்கு டி மட்டுமா, டி எச்சா?"

"டி எச், க்கா."

"வரலையே. செய்துக்கு ஐதானே?"

"ஒய்."

"கேட்டேன்ல எத்தன டி?"

"நீங்க எத்தன போடுவீங்க?"

"ரெண்டு."

"அப்ப ரெண்டுதான். முன்னாடி இ மட்டும் ஒண்ணு கூட."

மூன்றாவது தடவை வந்தது. வேண்டுமென்றே வைத்தாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல, "ஞாபகம் வச்சுக்க சுலபமா இருக்கட்டும்னு வச்சேன் க்கா" என்று தயாராக வைத்திருந்தேன். கேட்காததால் நானாகவே சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அவர் வீட்டுக்குள் போனதும் சிக்னல் போய்விட்டது. திரும்பி வந்தார். எங்க வீட்டுச் சுவர் கனம், க்கா, இங்கேயே உட்காருங்கள் என்று போர்ச்சில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். காரின் சூடு அடிக்கும் இடம். முந்தானையால் விசிறிக்கொண்டு, மகன் முகத்தைத் தேடித் திரையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதை, முன்னறையில் வேலை செய்தபடியே கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இத்தனை நாள் கேட்டடியில் நின்றதெல்லாம் உடம்பை விட்டு இறங்குகிற மாதிரி இருந்தது. தப்பு செய்கிறேனோ என்றும் தோன்றியது. தோன்றினாலும் பலத்தைக் கூட்டவில்லை.

அவர் தினமும் வந்தார். காலையில், மத்தியானத்துக்கு முன்பு. என் மகள் வாசல் இரும்புக் கிரில்லைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்ப்பாள். ஒரு நாள் நிமிர்ந்தபோது, கிரில் திறந்திருந்தது, பிள்ளை அவர் மடியில் இருந்தாள். அவர் கிண்ணத்தில் ரசம் சோறு பிசைந்து வைத்துக்கொண்டு, ரோட்டில் போன குப்பை லோரியைக் காட்டி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் ஃபோனில் பாட்டு ஓடினால்தான் வாய் திறப்பவள், அங்கே வாயைத் திறந்துகொண்டே காத்திருந்தாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது, கேமராவில் என் முகம். முன்பென்றால் லைன் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். இந்த லைன் போகவே போகாது.

சில நாளில் மகள் "அத்தே" என்று கூப்பிடப் பழகினாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரிடம் போகக்கூடாது என்று இவ்வளவும் செய்தேனோ, அவரிடமே என் பிள்ளையைக் கொண்டுபோய் உட்காரவைத்தது நான் போட்ட நாற்காலிதான். அவரை அவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப ஒரே வழிதான் இருந்தது. கைப்பேசியைத் திறந்து பலத்தை உச்சத்துக்குக் கூட்டினேன். சுவரைத் தாண்டும் 2.4-ஐயும் விருந்தினருக்குத் திறந்துவிட்டேன். பிறகு போர்ச்சுக்குப் போய்ச் சொன்னேன்.

"அக்கா, இனிமே உங்க வீட்டுக்குள்ளயே நல்லா வரும். வெயில்ல உக்கார வேணாம்."

"வைஃபையா?" அவர் நிமிரவில்லை. என் மகளின் தாடையில் ஒட்டியிருந்த பருக்கையை எடுத்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுக்கு வெள்ளிக்கிழமையே ஃபைபர் போட்டுட்டாங்களே. லோரி நின்னுச்சு, நீ பாக்கலையா?"

"அப்ப எதுக்கு இங்க..."

"இந்நேரத்துக்குத்தானே இவ சாப்பிடுவா."

உள்ளே ஹெட்செட்டில் யாரோ என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போய் உட்கார்ந்தேன்.

அன்று மாலையே கிரில்லுக்கு ஒரு பூட்டு வாங்கினேன். மறுநாள் காலை பூட்டிவிட்டு வேலையைத் தொடங்கினேன். வழக்கமான நேரம் வந்ததும் பிள்ளை கிரில்லில் நின்று அத்தே, அத்தே என்று கத்த ஆரம்பித்தாள். தூக்கினேன், பாட்டுப் போட்டேன், பிஸ்கட் கொடுத்தேன். நிற்கவில்லை. அந்த அழுகை ஒரு எழுத்து விடாமல் பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மேலதிகாரி பேச்சை நிறுத்தி, வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா என்று கேட்டார். அவர் எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று சொன்னால் அடுத்த வாரம் நான் கொமுட்டரில் இருப்பேன்.

இருக்கிறார்கள் என்றேன். மைக்கை மட்டும் அணைத்துவிட்டு எழுந்து போனேன். நாத்தனார் கையில் கிண்ணத்தோடு எங்கள் போர்ச்சில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. பூட்டைத் திறந்தேன்.

"பூட்டு புதுசா?"

"ஆமாக்கா."

"நல்ல பூட்டுதான்" என்றபடி உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து இப்படித்தான் போகிறது. நான் அவரை மன்னித்துவிட்டதாக என் கணவர் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். சாவி என்னிடம்தான் இருக்கிறது. சோறு ஊட்டி முடித்ததும், நன்றி க்கா என்று சொல்லி, அவர் படியிறங்கும் வரைக்கும் காத்திருந்து, நானே பூட்டுகிறேன்.