நாங்கள் சுத்தம் செய்த இடுகாடு

“சனிக்கிழமை, பிற்பகல் 3.40. ஜொகூர் பாரு, தெப்ராவ் பக்கம் பழைய இந்து இடுகாடு, வேலியோரப் பகுதி. கல்லறைக் கற்கள் 31. எழுத்து மங்கியவை 5. இடம் சுத்தம் செய்யப்பட்டது.”

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நவம்பர் மாதத்தில் நான் எழுதிய குறிப்பு இது. எண்ணிக்கையைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன், பிழையில்லை. கடைசி வரியைத்தான் இன்றுவரை என்னால் நிம்மதியாகப் படிக்க முடியவில்லை.

அப்போது நான் கெடாவில் ஒரு கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். தமிழ் மாணவர்களுக்கான வட்டார வரலாற்று மாநாடு ஒன்று அந்த ஆண்டு, ஜேபி என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் ஜொகூர் பாருவில் நடந்தது. மூன்று நாள் நிகழ்ச்சி. கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை காலை நான் கட்டுரை வாசிக்க வேண்டும். பழைய கல்லறைக் கற்களிலிருந்து தோட்டத்துக் குடும்பங்களின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி என்பது என் தலைப்பு.

எதைப் பார்த்தாலும் அதில் தேதி இருக்கிறதா என்று தேடும் பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. முதல் நாள் மாலை நகரத்தின் பழைய தெருக்களைச் சுற்றிப் பார்க்கப் போனோம். மற்றவர்கள் விறகடுப்பில் சுட்ட வாழைப்பழக் கேக்குக்கு வரிசையில் நின்றார்கள். நான் எதிர்ப்பக்கம் நின்று, கடைவீடுகளின் நெற்றியில் சிமெண்டில் பொறித்திருந்த ஆண்டுகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். கேக் எனக்குக் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு ஓய்வு. எல்லாரும் பேருந்தில் பேரங்காடிக்குக் கிளம்பினார்கள். எனக்கு ஜொகூரில் எடுத்த கல்லறைப் படங்கள் சில வேண்டியிருந்தன. மாநாட்டில் என் அறைத்தோழி ஜொகூரிலேயே உள்ள செடெனாக் ஊரைச் சேர்ந்தவள். அண்ணனுடைய காரை வாங்கி வந்திருந்தாள். அவளைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு போனேன்.

“ஜேபிக்கு வந்தவங்க கடல் பார்ப்பாங்க, பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரப் பார்ப்பாங்க. நீ ஒருத்திதான் லா செத்தவங்களப் பாக்கணும்ங்கற” என்றாள் வழியில்.

“அவங்கதான் படம் எடுக்கறப்ப ஆட மாட்டாங்க” என்றேன். இருவரும் சிரித்தோம்.

இடுகாட்டின் முன்பகுதியில் ஓடு பதித்த புதிய கல்லறைகள். பின்னால் வேலியோரம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. லாலாங் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கற்களை மறைத்திருந்தது. கற்களுக்கு இடையில் உடைந்த பூந்தொட்டி, கவிழ்த்து வைத்த கிண்ணம், பாதி புதைந்த கண்ணாடிப் புட்டி என்று ஏதேதோ கிடந்தன. ஒட்டுமொத்தமாக ஒரு படம் எடுத்தேன். தோழி நடுவில் நின்று இரண்டு விரல்களை உயர்த்திச் சிரித்தாள்.

காவலாளி இல்லை. அவருடைய கொட்டகைச் சுவரில் ஓர் அரிவாளும் துடைப்பமும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கற்கள் படத்தில் தெளிவாக விழ வேண்டும் என்று புல்லை அறுத்தோம். நடுவில் கிடந்த பொருள்களையும் அப்புறப்படுத்தினோம். எழுத்துள்ள கல் என்றால் கல்லறை, மற்றதெல்லாம் குப்பை. இந்த விதியை நான் வாய்விட்டே சொன்னேன். வேலிக்குப் பக்கத்தில் துருப்பிடித்த பால்மாவு டின் ஒன்று மண்ணில் ஊன்றியிருந்தது. உள்ளே சிமெண்ட் நிரம்பிக் கெட்டியாகியிருந்தது.

“இது ஏன் இவ்வளவு கனக்குது?” என்றாள் தோழி.

“யாரோ கட்டட வேலை செஞ்ச மிச்சமா இருக்கும்” என்றேன்.

அதோடு சேர்த்து ஏழு பொருள்கள். வாசலருகே காய்ந்த மாலைகள் குவிந்திருந்த இடத்தில் கொண்டுபோய்ப் போட்டோம். திரும்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. காருக்குள் உட்கார்ந்து மேலே உள்ள குறிப்பை எழுதினேன். இருபது நிமிடத்தில் மழை விட்டது. ஈரக் கல்லில் எழுத்து நன்றாகத் தெரியும் என்பதால் மறுபடி படம் எடுக்க இறங்கினோம்.

அப்போதுதான் ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். மழைக்கோட்டுக்கு உள்ளே தொழிற்சாலைச் சீருடை. கையில் ஒரு தண்ணீர் போத்தல், பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் மல்லிகை. எங்களைப் பார்க்காமல் நேராக வேலிப் பக்கம் போனார். நின்றார். இரண்டு எட்டு எடுத்து வைத்தார், திரும்பி வந்தார். குனிந்து தரையையே பார்த்தார்.

உதவலாம் என்று நான்தான் போனேன். “யாரோட கல்லறைய தேடுறீங்க அக்கா? பேர் சொல்லுங்க, எங்கிட்ட லிஸ்ட் இருக்கு.”

“பேரு இல்ல மா. ஒரு டின்னு இருக்கும். பால்மாவு டின்னு.”

தோழி என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டும். நாங்கள் எடுத்துவிட்டோம், குப்பை என்று நினைத்தோம், மாநாட்டுக்கு வந்த மாணவர்கள் என்று ஏதோ சொல்லி முடித்தேன்.

“படிக்கற பிள்ளைங்களா?” என்றார் அவர். “காலேஜ்ல கூட்டிப் பெருக்கத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா?”

குரலை உயர்த்தவே இல்லை. நாங்கள் ஓடிப்போய் டின்னைத் தூக்கி வந்தோம். அவர் வாங்கி, சீருடை ஓரத்தால் சேற்றைத் துடைத்தார். பிறகு கேட்டார்: “எங்க இருந்திச்சு?”

நாங்கள் இருவரும் வேலியோரத் தரையில் தேடினோம். புல்லை அறுத்துத் தரையைப் பெருக்கியிருந்தோம். டின் இருந்த குழியை மழை நிரவிவிட்டது. முந்தின நாள் பார்த்த கடைவீடுகளின் ஆண்டுகளைக் கேட்டிருந்தால் வரிசையாகச் சொல்லியிருப்பேன்.

பெரியவர்களை எரித்தாலும், பச்சைக் குழந்தைகளைப் புதைப்பது நம்மவர்கள் பலரிடம் உள்ள வழக்கம். எனக்கும் தெரியும், படித்திருக்கிறேன். அப்படிப் புதைத்த இடத்தில் பலர் கல் வைப்பதில்லை என்பது மட்டும் அன்று என் மூளைக்கு எட்டவில்லை.

“புதன்கிழம பொறந்தா. பத்தே நாளு. பதினாறாம் நாளு பேரு வைக்கலாம்னு இருந்தோம்” என்றார். “பேரே வைக்காதப்ப கல்லுல என்னத்த எழுதறது? அவளுக்குன்னு வாங்குன பால் டின்னுலயே அவங்கப்பா சிமெண்ட் ஊத்தி நட்டு வச்சாரு. போனது சனிக்கிழம. ஆறு வருசமா சனிக்கிழம ஷிப்ட் முடிஞ்சா வந்துருவேன்.”

“உங்க வீட்டுக்காரருக்கு போன் போடுங்கக்கா, அவருக்கு எடம் தெரியுமில்ல?” என்றாள் தோழி.

“வேணாம். சிங்கப்பூர்ல சாரத்து மேல நிக்கற வேல. இத இப்ப சொன்னா கை நடுங்கும் அவருக்கு.”

அப்போதுதான் முதலில் எடுத்த அந்தப் படம் நினைவுக்கு வந்தது. திறந்து பெரிதாக்கிப் பார்த்தோம். பூந்தொட்டி தெரிந்தது, கிண்ணம் தெரிந்தது. டின் தெரியவில்லை. தோழியின் முழங்காலுக்குப் பின்னால் ஏதோ ஒன்றின் விளிம்பு மட்டும் பழுப்பாகத் தெரிந்தது.

தோழி போய் அதே இடத்தில் நின்றாள். நான் படத்தைப் பார்த்து, இடது பக்கம் நகரு, கொஞ்சம் பின்னால் போ, கையைத் தூக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு விரல்களை உயர்த்தி நின்றாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வேலிக் கம்பங்களை எண்ணி ஒப்பிட்டதில் இரண்டு இடங்கள் பொருந்தி வந்தன. இரண்டுக்கும் இடையே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம். நான் சற்று நகர்ந்து நின்று பார்த்தால் ஒன்று சரி, மறுபடி நகர்ந்தால் மற்றது சரி.

“அக்கா, எங்கள மன்னிச்…”

“அதெல்லாம் அப்புறம். அந்தப் படத்த இன்னொரு தடவ காட்டு.”

எத்தனை தடவை பார்த்தாரோ தெரியாது. ஓர் இடத்தில் மண்டியிட்டு உள்ளங்கையை மண்ணில் வைத்தார். எழுந்து மற்ற இடத்திலும் அப்படியே வைத்துப் பார்த்தார். “இங்கதான் இருக்கும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து “இங்கதானே இருக்கும்?” என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று சொன்னால் அவர் நிம்மதியாகப் போயிருப்பார். தெரியவில்லை அக்கா என்றுதான் சொன்னேன். அன்று நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அது என்று சில நாள் தோன்றும். அதுகூட ஈவிரக்கமில்லாத பேச்சு என்று சில நாள் தோன்றும்.

அவரே வேலிக்கு நெருங்கிய இடத்தைத் தேர்ந்தெடுத்தார். நாங்கள் குழி தோண்டினோம், டின்னை அவர் வைத்தார். தண்ணீர் ஊற்றினார், பூ வைத்தார். கிளம்பும்போது தோழியின் எண்ணை வாங்கிக்கொண்டார். “அடுத்த வாரம் அவர் வருவாரு. நட்டவரு அவருதான், அளந்து பார்க்கச் சொல்றேன். சரியா இல்லையான்னு மெசேஜ் போடறேன்.”

மீதி ஆறு பொருள்களையும் இருட்டும்வரை படத்தை வைத்துக்கொண்டு திருப்பி வைத்தோம். பூந்தொட்டிக்கும் கிண்ணத்துக்கும் ஓரளவு இடம் தெரிந்தது. மற்ற நான்கையும் ஊகத்தில்தான் வைத்தோம். அவை யாருடையவை என்று கேட்டு யாரும் வரவில்லை. யாராவது வந்து தேடிப் பார்த்துவிட்டு, நாங்கள் அங்கே இல்லாததால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பியிருக்கலாம்.

மறுநாள் கட்டுரை வாசித்தேன். ஈரக் கற்களின் படங்கள் நன்றாக வந்திருந்தன, கை தட்டினார்கள். நடந்ததைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல்முறையாக இங்கேதான் எழுதுகிறேன்.

அந்தச் செய்தி வரவே இல்லை. தோழி அதன்பின் இரண்டு முறை போய்ப் பார்த்தாள். இரண்டு முறையும் டின் அதே இடத்தில் இருந்தது, ஒரு முறை பக்கத்தில் புதுப்பூ இருந்தது. கணவர் அளந்து பார்த்துச் சரி என்று சொன்னாரா, தவறென்று தெரிந்தும் மனைவியிடம் சொல்ல மனம் வராமல் விட்டுவிட்டாரா, அளக்கவே இல்லையா, தெரியாது. இப்போதெல்லாம் எந்த இடத்துக்குப் போனாலும், எழுத்தில்லாத பொருள்களைத்தான் முதலில் கணக்கெடுக்கிறேன், ஒன்றையும் தொடுவதில்லை. டின் நிற்கும் இடத்தில்தான் அந்தக் குழந்தை இருக்கிறாளா என்பது, இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.