எர்லாங்கில் எழுதிய சி++

போன ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வரிசையில் நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"லலிதா, ஒன்னைத்தான் தேடிண்டிருக்கேன். எங்காத்துப் பொண்ணு கம்ப்யூட்டர் கோர்ஸ்ல சேரப் போறா. ஜாவா படிக்கணுமா, சி++ படிக்கணுமா? நீ சொல்றதுதான்."

விசாலம் மாமி. வலியசாலையில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர்.

"எதை வேணும்னாலும் படிக்கட்டும் மாமி. முதல் பாஷை பெரிய காரியமில்லை. அதுல நன்னாத் தேறி, ஆபீஸ்ல நாலு பேர் வந்து சந்தேகம் கேக்கற அளவுக்கு ஆனப்புறம் இன்னொண்ணு படிக்கணும் பாருங்கோ... அதான் கஷ்டம்."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொல்ல மனசில்லாமல் மழுப்புகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். "செரி செரி" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்.

நான் மழுப்பவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய கதை. அமெரிக்காவிலிருந்து வரும் வேலைகள் திடீரென்று வற்றிப்போன நேரம். எங்களுடையது சென்னைக் கம்பெனி ஒன்றின் திருவனந்தபுரம் கிளை. கழக்கூட்டத்தில் ஒரு மாடி. பாதி நாற்காலிகள் காலியாகிவிட்டன. மிச்சப் பாதியில் நானும் சஜீவும் மேனேஜர் தாமஸ் சாரும் இன்னும் சிலரும். சஜீவ் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். ஒரே வேலை, ஒரே சம்பளம், ஒரே புலம்பல்.

ஒரு நாள் தாமஸ் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஸ்வீடனில் ஒரு கம்பெனி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கான மென்பொருள் எழுதுகிறார்கள். ஒரு சின்னப் பகுதியைச் சோதனைக்காகத் தருகிறார்களாம். பிடித்துப்போனால் நீண்ட கால வேலை. பிடிக்காவிட்டால்...

"கிளையைப் பூட்டும். எல்லாரும் சென்னைக்கு" என்றார்.

சஜீவுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என் கணவருக்கோ கேரள அரசாங்க உத்தியோகம். அவருக்கு மாற்றல் என்றால் காசர்கோடு வரைக்கும் போகலாம். சென்னைக்குப் போக முடியாது. ஆக, கிளை மூடினால் ஒன்று நான் தனியாகப் போக வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

"ஒரே ஒரு கார்யம்" என்று இழுத்தார் தாமஸ் சார். "அவங்க சி++ல எழுதறதில்லா. எர்லாங்குன்னு ஒரு பாஷ."

நானும் சஜீவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெயரே அப்போதுதான் கேள்விப்படுகிறோம்.

அன்று மாலையே ஸ்வீடனுடன் போனில் பேச்சு. அங்கிருந்து பேசியவர் லார்ஸ். நாங்கள் எழுதும் புரோகிராம் கோடைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவர் அவர்தான். "எர்லாங் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. ஆனால் ஒரு மாதத்தில், தெரியாமல் இருந்தேன் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது" என்றேன்.

தாமஸ் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

வாய்த்துடுக்குத்தான். ஆனால் பொய்யில்லை, நம்பித்தான் சொன்னேன். பல வருஷம் சி++. பெரிய பெரிய ப்ராஜெக்ட்கள். ஒரு புது மொழி என்ன செய்துவிடும்? அரைப்புள்ளியை எங்கே வைப்பது, அடைப்புக்குறியை எங்கே மூடுவது... அவ்வளவுதானே?

கம்ப்யூட்டர் பழக்கமில்லாத வாசகர்கள் ஓடிவிட வேண்டாம். இரண்டு நிமிஷம். எங்களைப் போன்ற சி++ ஆட்களுக்கு உலகமே 'ஆப்ஜெக்ட்'. ஒரு டெலிபோன் லைன் என்றால் அது ஒரு ஆப்ஜெக்ட். பிஸியாக இருக்கிறதா, சும்மா இருக்கிறதா என்ற விவரத்தை அது தனக்குள் வைத்திருக்கும். நிலைமை மாறினால் விவரத்தை அழித்துப் புதிதாக எழுதிக்கொள்ளும். வெளியாட்கள் அதற்குள் கை விடக் கூடாது. கேட்டால் பதில் சொல்லும்.

எர்லாங்கில் முதல் நாள். X என்பது 5 என்று எழுதினேன். ஒப்புக்கொண்டது. அடுத்த வரியில் X என்பது 6 என்று எழுதினேன். பிழை என்றது. மறுபடி எழுதினேன். மறுபடியும் பிழை.

இந்த மொழியில் ஒருமுறை 5 என்றால் கடைசி வரை 5-தான். மாற்றக் கூடாது. புது மதிப்பு வேண்டுமென்றால் புதுப் பெயர் வைத்துக்கொள். ஆப்ஜெக்ட் கிடையாது. ஆப்ஜெக்ட்களை வார்க்கும் அச்சான கிளாஸும் கிடையாது. 'இதைப் பத்துத் தடவை செய்' என்று சொல்கிற லூப் கூடக் கிடையாது.

சஜீவ் பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தான். "லலிதே, இது எந்து பாஷயாணு? கை ரெண்டையும் கெட்டிப் போட்டுட்டு நீந்தச் சொல்றான். பழவங்ஙாடிக் கணபதிக்கு ஒரு தேங்கா ஒடைச்சுட்டு வரலாம்."

தேங்காய் உடைத்தோம். ஆனால் நான் விடுகிற ஆளா? மொழியில் ஆப்ஜெக்ட் இல்லையென்றால் என்ன, நான் செய்துகொள்கிறேன்! புத்தகத்தைப் புரட்டினேன். எல்லாரும் எழுதிப் படிக்கும்படி ஒரு பொது அட்டவணை வைத்துக்கொள்ள அதில் ஒரு வழி இருந்தது. அது போதுமே. அந்த அட்டவணையை வைத்து ஆப்ஜெக்ட் செய்தேன். கிளாஸ் செய்தேன். ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்று பிறப்பதற்கும் ஏற்பாடு செய்தேன். சில வாரத்தில் எர்லாங்குக்கு நடுவில் ஒரு குட்டி சி++ எழும்பி நின்றது. சோதனை ஓட்டங்களில் எல்லாமே தேறின. ஒன்றே ஒன்று மட்டும் எப்போதாவது தகராறு செய்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

"கொள்ளாம்" என்றான் சஜீவ். அவன் வாயிலிருந்து அந்தப் பாராட்டு சுலபத்தில் வராது. பெருமையோடு ஸ்வீடனுக்கு அனுப்பினேன்.

பதில் இரண்டே வரி. 'நன்றாக எழுதப்பட்ட சி++. ஆனால் நாங்கள் கேட்டது எர்லாங்.'

சுர்ரென்று வந்தது எனக்கு. லார்ஸைப் போனில் பிடித்தேன்.

"ஓடுகிறதா, இல்லையா?"

"ஓடுகிறது."

"பிறகென்ன?"

"நாளைக்கு இதில் கோளாறு வந்தால் யார் சரிசெய்வது? என்னிடம் இருப்பவர்கள் எர்லாங் தெரிந்தவர்கள். இதைப் படிக்க அவர்கள் முதலில் உங்களைப் படிக்க வேண்டும்."

ஆப்ஜெக்ட் எவ்வளவு உயர்ந்தது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் "ஒரு பகுதியையாவது இந்த மொழியின் வழியில் எழுதிப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தாமஸ் சார் என் மேஜைக்கு வந்து நின்றார். குரலை உயர்த்தவே இல்லை.

"லலிதா, ஜெயிக்கணோ, காண்ட்ராக்ட் வேணோ?"

"ரெண்டும் வேணும் சார்."

வீட்டுக்கு வந்ததும் கணவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "என்ன, ஸ்வீடன்காரனோட வழக்கு பிடிச்சுட்டு வந்திருக்கியா?"

சொன்னேன். அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "சென்னைல ஒத்தைக்கு ஒரு வீடெடுத்து நீ இருக்கறதை நெனைச்சுப் பாத்தேன். பரவாயில்லை, ஒன்னால முடியும். என்னாலதான் முடியாதுன்னு தோணறது" என்றார்.

அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. ஃபைலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுகிறவர். அன்று என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். பணிந்து போவதாக இல்லை... லார்ஸ் சொல்வது தப்பென்று காட்டப் போகிறேன். என் புரோகிராமில் இருப்பதிலேயே சிக்கலான பகுதியை எடுத்து, அட்சரம் பிசகாமல் அவருடைய வழியில் எழுதுவேன். அது எவ்வளவு நீளமாக, எவ்வளவு அசிங்கமாக வருகிறதென்று அவரே பார்க்கட்டும்.

ஒரு அழைப்பைக் காக்க வைப்பது, இன்னொருவருக்கு மாற்றி விடுவது – அந்தப் பகுதியை எடுத்தேன். என் பழைய கோடில் அங்கே ஒரே கேள்வி மயம். இப்போது மணி அடிக்கிறதா? பேசுகிறார்களா? காத்திருக்கிறார்களா? அடிக்கு ஒரு 'இப்படியென்றால் அப்படி'.

எர்லாங் வழி வேறு. ஒவ்வொரு அழைப்புக்கும் தனியாக ஒரு குட்டி வேலைக்காரன். மற்றவர்களோடு எதையும் பங்கு போட்டுக்கொள்ள மாட்டான். அவனுக்குச் செய்தி அனுப்பலாம், அவ்வளவுதான். வரும் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பான். 'மணி அடிக்கும்' நிலைக்கு ஃபங்ஷன் என்ற ஒரு சின்னக் கோட் துண்டு, 'பேசும்' நிலைக்கு ஒன்று, 'காத்திருக்கும்' நிலைக்கு ஒன்று. செய்தி வந்தால் இதிலிருந்து அதற்குத் தாவுவான். எதையும் அழித்து எழுத வேண்டிய தேவையே இல்லை.

எழுதத் தொடங்கினேன். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது.

எதையோ விட்டுவிட்டேன் என்று சந்தேகம். வரி வரியாகச் சரிபார்த்தேன். விடவில்லை. என் பழைய கோடில் கால்வாசி கூட இல்லை இது. சோதனைகளை ஓட்டினேன். எல்லாம் தேறின. தகராறு செய்துகொண்டிருந்த அந்த ஒன்றும் சேர்த்து.

அது என்ன சோதனை என்றால் – இரண்டு பக்கத்தாரும் ஒரே கணத்தில் போனை வைப்பது. என் ஆப்ஜெக்ட் வழியில் இருவரும் ஒரே சமயத்தில் பொது அட்டவணையில் கை வைப்பார்கள். சில நேரம் குழம்பிப் போய், யாருமே பேசாத லைன் பிஸியாகவே நின்றுவிடும். இங்கே அந்தக் குழப்பம் வர வழியே இல்லை. செய்திகள் வரிசையில்தான் வரும். முதலில் வந்தது முதலில். இரண்டாவது வரும்போது அழைப்பு ஏற்கெனவே முடிந்திருக்கும்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், இல்லையா? எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

வாசலில் இருந்த சாயாக் கடைக்கு சஜீவை இழுத்துக்கொண்டு போனேன்.

"சஜீவ், ஒரு கெட்ட சேதி. அவர் சொன்னதுதான் சரி."

"அதிலெந்தா கெட்டது? காண்ட்ராக்ட் கிட்டுமே."

"இத்தனை நாள் எழுதினதைத் தூக்கிப் போடணும்."

அவன் சாயாவை ஒரு வாய் குடித்தான். "போடலாம். ஞானும் கூட இருக்கேன். பாதி எனக்குத் தா."

பாதியைக் கொடுத்தேன். இரண்டு பேருமாக முதலிலிருந்து எழுதினோம். இந்த முறை எனக்கு வேகம் வந்துவிட்டது. மொழியோடு மல்லுக்கட்டாமல் இருந்தால் எவ்வளவு நேரம் மிச்சம்!

கதை இத்தோடு முடிந்திருந்தால், 'பழசை எல்லாம் மறந்துவிட்டுப் புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று உங்களுக்கு உபதேசம் செய்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

நல்ல எர்லாங் எப்படி இருக்கும் என்று பார்க்க லார்ஸின் சொந்தக் கோடைக் கேட்டு வாங்கினோம். அழகான கோட். பல இடங்களில் நான் பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. 'அழைப்பு' என்ற தகவலுக்குள் எது எந்த இடத்தில் இருக்கிறது என்பது அவருடைய ஃபைல்கள் அத்தனைக்கும் தெரிந்திருந்தது. எல்லாமே நேராக உள்ளே கை விட்டு எடுத்துக்கொண்டிருந்தன. நாளைக்கு அதில் ஒன்றை இடம் மாற்றினால்? அத்தனை ஃபைலையும் திறந்து திருத்த வேண்டும்.

பல வருஷம் ஆப்ஜெக்ட் எழுதிய கண்ணுக்கு இது தூரத்திலேயே தெரியும். நாங்கள் முதல் பாடமாகக் கற்றதே அதுதானே – அடுத்தவர் வீட்டு அலமாரியை நீ திறக்காதே, கேட்டு வாங்கு.

புதிதாக எழுதியதை அனுப்பும்போது இதையும் எழுதினேன். ஒரே ஒரு ஃபைல் மட்டும் அழைப்பின் உள்ளே கை வைக்கட்டும், மற்றவை அதனிடம் கேட்கட்டும் என்று. அதற்கு கிளாஸ் வேண்டாம், ஆப்ஜெக்ட் வேண்டாம், சாதாரண எர்லாங்கே போதும். எப்படி என்று செய்தும் காட்டியிருந்தேன்.

"சோதனைக்கு வந்த ஆள் வாத்தியார்க்குத் திருத்தம் கொடுக்குதோ?" என்று சஜீவ் தலையில் கை வைத்தான்.

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு போன் வந்தது. தாமஸ் சார் ஸ்பீக்கரில் போட்டார். லார்ஸ் என் புதுக் கோடைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நேராக என் திருத்தத்துக்கு வந்தார்.

"போன வருஷம் அந்தத் தகவலின் அமைப்பை மாற்ற முயன்றோம். பாதியில் விட்டுவிட்டோம். ஏன் முடியவில்லை என்று எங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது." பிறகு கேட்டார்: "இதை நீங்களே செய்து தருகிறீர்களா? காண்ட்ராக்டில் முதல் வேலையாக."

தாமஸ் சார் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். சஜீவ் அங்கேயே யாருக்கோ போன் போட்டு, கல்யாணத்துக்கு மண்டபம் இங்கேயே பார்க்கலாம் என்றான். நான் வீட்டுக்குப் போன் செய்தேன். கணவர், "அப்ப சென்னை இல்லை, அல்லே?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன்.

அனுபவத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்கிறார்கள், புதிதாக எதைக் கற்கப் போனாலும். எதற்கு? கழற்ற வேண்டியது அனுபவத்தை இல்லை. 'என் வழிதான் வழி' என்று கை தானாகப் போகிறதே, அந்தப் பழக்கத்தை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எது எது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல சண்டை தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

இந்த வாரம் லார்ஸிடமிருந்து ஒரு ஈமெயில். அவருடைய கம்பெனியில் வேறொரு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்களாம், அங்கே முழுக்க சி++. கற்றுக்கொள்ள நல்ல புத்தகம் எது என்று கேட்டிருக்கிறார்.

புத்தகம் வேண்டாம், எழுதி எனக்கு அனுப்புங்கள், திட்டுகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.