எங்கட வீடு என்று மாமி சொன்ன வீடு

மாமி டொக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார் என்று அப்பா கண்டவர் எல்லோருக்கும் சொல்லிவைத்தார். அதன் பிறகு சுவிசில், எங்கள் ஊரான சோலோதுர்னில் இருந்த தமிழ்ச் சனம் எங்களைக் கண்டதும் முழங்கால் நோவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியது. மாமி அப்பாவின் ஒரே தங்கை. சூரிச் பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அட்லிஸ்வில் முருகன் கோவிலில் ஒருமுறை ஒரு பெண்மணி அவரிடம் தன் சீனி வருத்தத்துக்குப் பாகற்காய் நல்லதோ என்று கேட்டார். "நான் வருத்தத்துக்கு டொக்டர் இல்லை அக்கா, சண்டைக்கு டொக்டர்" என்றார் மாமி. அந்தப் பெண்மணி அதன் பிறகு மாமியோடு கதைக்கவில்லை. அப்பாவைத்தான் இரக்கமாகப் பார்த்தார்.

மாமி சொன்னது உண்மைதான். யூகோஸ்லாவியா என்று முன்பு ஒன்றாக இருந்த நாட்டில் ஒரு சின்னப் பட்டணம். ஆற்றின் இரண்டு கரையிலும் கலந்து வாழ்ந்த சனம், ஒரே கோடைக்குள் 'நாங்கள்' என்றும் 'அவர்கள்' என்றும் பிரிந்து, கடைசியில் ஒரு பகுதி மற்றப் பகுதியைத் துரத்திவிட்டது. அது எப்படி நடந்தது, பிறகு இரு பகுதியினரும் தங்கள் பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதே மாமியின் ஆராய்ச்சி. அந்தப் பட்டணத்தவர்கள் பலர் சுவிசுக்கு வந்திருந்தார்கள். மாமி ஒவ்வொருவராகத் தேடிப் போய், அவர்கள் ஊற்றித் தந்த கடுங்கோப்பியைக் குடித்து, அவர்கள் கதையைக் கேட்டுப் பதிவு செய்தார்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். சனிக்கிழமைகளில் மாமி வந்தால் எனக்கும் கதை கிடைக்கும். அது பெரும்பாலும் யாழ்ப்பாண நகரத்தில், ரவுண் என்று எல்லோரும் சொல்லும் இடத்தில், அவர் சின்ன வயதில் இருந்த வீட்டைப் பற்றிய கதையாகவே இருக்கும். வாசல் கதவுக்கு நீலப் பெயின்ற் அடித்த வீடு. கூடத்துச் சுவரில், அவருக்கு எட்டாத உயரத்தில், தனியாக ஒரு சின்ன மரத்தட்டு. கதிரை வைத்து ஏறித் தன் பொம்மையை அதில் இருத்திவைப்பாராம். "எங்கட வீடு" என்று மாமி சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இளகும். அப்பா அந்த நேரம் பார்த்து எழும்பிக் குசினிக்குத் தேத்தண்ணி போடப் போய்விடுவார். அப்பாவுக்கு ஊர்க் கதையில் விருப்பமில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம், தமிழ்ப் பள்ளிக்கூடப் பெற்றோருக்கு மாமி தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவது என்று அப்பா ஏற்பாடு செய்தார். வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபம். அம்மா வடை சுட்டார். கிரென்ஷனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்யும் நண்பரையும் அப்பா அழைத்திருந்தார். இருவரும் தினமும் ஒரே காரில் வேலைக்குப் போய்வருகிறவர்கள். நண்பரின் நாடும் யூகோஸ்லாவியாதான். "உன்ர நாட்டைப் பற்றித்தான் என்ர தங்கச்சி பேசப் போறாள், வா" என்று அப்பா கூப்பிட்டிருக்கிறார். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத அந்த மனிதர், சேட்டை நன்றாக அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, மனைவி செய்து தந்த வால்நட் கேக்கோடு வந்து முன்வரிசையில் எங்கள் பக்கத்தில் அமர்ந்தார்.

மாமி நன்றாகப் பேசினார். "ஒரு சனம் தான் பட்டதை மறக்காது. தான் செய்ததை ஞாபகம் வைச்சிருக்காது. ஐரோப்பாவில கன நாடுகளின்ர சரித்திரப் புத்தகம் இப்பிடித்தான் எழுதப்பட்டிருக்கு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஐரோப்பாவைப் பற்றி அப்படிக் கேட்பது எல்லோருக்கும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு திரையில் படங்களைக் காட்டினார். பாலம், ஆறு, சந்தை, கடைசியாக ஒரு தெரு.

அந்தத் தெருவைக் கண்டதும் அப்பாவின் நண்பர் எழுந்தார். ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் திரைக்குக் கிட்டப் போனார். அவருடைய நிழல் படத்தின் மேல் பெரிதாக விழுந்தது. கொஞ்சம் விலகி நின்று, மாடி வீடு ஒன்றின் யன்னலில் விரலை வைத்தார். சுவிஸ் ஜெர்மனில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று அம்மா என்னைக் கேட்டார். அம்மாவுக்கு அவ்வளவு வேகமான ஜெர்மன் பிடிபடாது.

"இது எங்கட வீடு எண்டு சொல்றார்" என்றேன்.

மண்டபம் சலசலத்தது. பாவம், வீட்டை இழந்த மனிதர் என்று எல்லோருக்கும் அவர்மேல் உடனே இரக்கம் வந்துவிட்டது. மாமிக்கு மட்டும் அப்படி வரவில்லை. மேசையின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"எப்ப இருந்து அந்த வீட்டில இருந்தனீங்கள்?" என்று மாமி ஜெர்மனில் கேட்டார். நண்பர் சொல்லச் சொல்ல நான் அம்மாவின் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் பிறந்தது வேறு ஊராம். அவர்களுடைய வீட்டை எரித்துவிட்டார்களாம். ஓடிவந்தவர்களுக்கு இந்தத் தெருவில் வெறுமையாக இருந்த வீடுகளைப் பிரித்துக் கொடுத்தார்களாம். அவர்கள் உள்ளே போனபோது நிலவறைத் தட்டுகளில் சாடி சாடியாக மிளகாய் ஊறுகாய் இருந்ததாம். அந்த மாரிகாலம் முழுவதும் அதைத்தான் பாணோடு சாப்பிட்டார்களாம். அவருடைய அம்மா ஒவ்வொரு சாடி முடியும்போதும் அதைக் கழுவித் துடைத்து அதே தட்டில் அடுக்கிவைத்தாராம்.

"ஏன்?" என்று அம்மா கேட்டார். நான் அதை ஜெர்மனில் உரக்கக் கேட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் திரும்பி வந்தால் கொடுப்பதற்கு என்றார் அவர்.

மாமி திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு, அந்த வீட்டில் பிறந்த ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றும், அதற்கு மேல் சொல்லத் தனக்கு அனுமதி இல்லை என்றும் சொன்னார். நண்பர், உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் கேட்டார். மாமி ஓம் என்று தலையாட்டினார். நண்பர் திரும்பி வந்து கதிரையில் இருந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். சில வாரங்களுக்கு முன்பு ஒரு பெண் அதே படத்தில், அதே யன்னலில் விரலை வைத்து அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். இதை மாமி எங்களுக்குப் பிறகுதான் சொன்னார்.

பள்ளிக்கூடப் பொறுப்பாளர் எழுந்து நின்று, "எங்களுக்கும் உதுதானே நடந்தது. என்ர வீட்டில இப்பவும் ஆமிக்காரன் இருக்கிறான்" என்றார். ஓம், ஓம் என்று நாலா பக்கமும் குரல் வந்தது. அது உண்மை என்று எனக்கும் தெரியும். அவருடைய மகள் என் வகுப்பில்தான் இருந்தாள்.

மாமிக்கு அது கைகொடுத்தது போல இருந்தது. "ஓம், எனக்கும் ஒரு வீடு இருந்தது" என்று தொடங்கினார். நீலக் கதவைச் சொன்னார். மரத்தட்டில் இருந்த பொம்மையைச் சொன்னார். ரவுணை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்த நாளில் அந்தப் பொம்மையை எடுக்க விடாமல் தன்னைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னார். எந்த நாட்டில் எந்த மேடையில் பேசினாலும் கடைசியில் அந்த வீட்டைச் சொல்லித்தான் முடிப்பாராம். அப்பா அதற்கு முன் ஒரு நாளும் அவர் பேச்சைக் கேட்டதில்லை.

"அது எங்கட வீடு இல்லை, பிள்ளை."

அப்பா இருந்த இடத்தில் இருந்தபடியேதான் சொன்னார். குரல் உயரவில்லை. ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது.

மாமி சிரித்தார். தமையன் ஏதோ பகிடி விடுகிறார் என்று நினைத்திருப்பார். "என்னண்ணை?"

"எங்கட வீடு பலாலிப் பக்கம். ஷெல் விழுந்து நாங்கள் ரவுணுக்கு ஓடி வந்தனாங்கள். நீ அப்ப சின்னன், உனக்குத் தெரியாது. ரவுணில வீடுகள் சும்மா கிடக்குது, போய் இருங்கோ எண்டு சொன்னவை. அந்த வீட்டில இருந்தது முஸ்லிம் சனம். அவையை எங்கட இயக்கப் பெடியள்தான் உடுத்த உடுப்போட போகச் சொல்லிக் கலைச்சுப்போட்டாங்கள். நீ பொம்மை வைச்ச தட்டு, அவை குர்ஆன் வைச்சிருந்த தட்டு."

அப்பாவின் நண்பர் என் முகத்தைப் பார்த்தார்.

"நாங்கள் உள்ளுக்குப் போகேக்க பானையில அரிசி கிடந்தது. அம்மா அண்டைக்கு அதைத்தான் ஆக்கினவ. நீயும் சாப்பிட்டனீ" என்றார் அப்பா.

எத்தனையோ சனத்தின் வாயிலிருந்து எத்தனையோ கொடுமைகளைக் கேட்டு, முகம் மாறாமல் அடுத்த கேள்வியைக் கேட்கப் பழகிய மாமி, அப்போது ஒன்றும் கேட்கத் தெரியாமல் நின்றார். பின்னால் இருந்து ஒருவர், "உதெல்லாம் இஞ்ச, பிள்ளையளுக்கு முன்னால கதைக்கிற கதையோ?" என்றார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏனண்ணை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று மாமி கேட்டபோது அவருடைய குரல் என் வகுப்புப் பிள்ளையின் குரல் போல இருந்தது.

"நீ அந்த வீட்டில சந்தோசமா இருந்தனீ" என்றார் அப்பா.

பொறுப்பாளர் அவசரமாகத் தேத்தண்ணி தயார் என்று அறிவித்தார். ஒருவரும் எழும்பவில்லை. பிறகு எல்லோரும் ஒரேயடியாக எழும்பினார்கள். எங்களுக்குப் பக்கத்தில் மட்டும் ஒருவரும் வரவில்லை. அப்பாவின் நண்பர் என் கையைத் தொட்டு, அப்பா என்ன சொன்னார் என்று கேட்டார். அது எங்களுடைய வீடு இல்லை என்று சொன்னார் என்றேன். அரிசியையும் சொன்னேன். அவர் எழுந்து போய் அப்பாவுக்கு அடுத்த கதிரையில் இருந்தார். கேக் வெட்டப்படாமலே கிடந்தது.

எனக்கு அப்பாமேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மாமியின் பெரிய நாளை, அத்தனை பேருக்கு முன்னால் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு சில குடும்பங்கள் எங்களோடு கதைப்பதை நிறுத்தின. தமிழரைக் காட்டிக்கொடுத்தவர் என்று ஒருவர் அப்பாவைப் பற்றிச் சொன்னதாக அம்மா அழுதார். அப்பாவும் நண்பரும் மட்டும் வழக்கம்போல ஒரே காரில் வேலைக்குப் போனார்கள். மாமி தன் ஆராய்ச்சி நூலின் முதல் பக்கத்தையே நீலக் கதவில் தொடங்கியிருந்தாராம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதினார். பட்டம் கிடைக்கத் தாமதமானது. நண்பர் சொன்ன ஊறுகாய்ச் சாடிகளைப் பற்றி, அவர் சம்மதத்தோடு, அந்த வீட்டில் பிறந்த பெண்ணிடம் மாமி சொன்னார். அந்தப் பெண், அந்த மனிதரைச் சந்திக்கத் தனக்கு விருப்பமில்லை என்றாராம். மாமி வற்புறுத்தவில்லை.

ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மண்டபம் அல்ல. மாமியை ரயில் ஏற்றிவிட நாங்கள் சோலோதுர்ன் ஸ்டேஷனுக்குப் போனோம். வெயில் இன்னும் இருந்தது. மேடையில் நின்றபோது மாமி தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"அண்ணை, அந்த வீட்டுக்காரற்ற பேர் என்ன?"

அப்பா உடனே சொன்னார். யோசிக்கவில்லை. வீட்டுக்காரருடைய பேர், மனைவியின் பேர், மனைவியின் தாயின் பேர், பெரிய மகன், அடுத்த மகள், தொட்டிலில் கிடந்த கடைசிப் பிள்ளை. பின்வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். அந்தச் சனத்தை அப்பா ஒரு நாளும் கண்டதே இல்லை. ரயில் வந்து நின்று கதவு திறந்தது. மாமி ஏறவில்லை. இன்னொரு தரம் சொல்லும்படி கேட்டார். அப்பா அதே ஒழுங்கில், ஒன்றும் பிசகாமல் மறுபடி சொன்னார்.

என் வகுப்பாசிரியையின் பேரை ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை அப்பா. என் சிநேகிதிகளின் பேரையெல்லாம் மாற்றி மாற்றித்தான் சொல்லுவார். அப்படிப்பட்டவர், இருபது வருசத்துக்கு மேலாகியும், முகம் தெரியாத ஒரு வீட்டுச் சனத்தின் பேரை மனப்பாடமாகச் சொல்வதைக் கேட்டு, கோபத்துக்கு நடுவிலும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பாவுக்கு நான் நினைத்ததை விட நல்ல ஞாபகசக்தி என்று மட்டும் அன்று நினைத்தேன்.